சொடக்கு விழும் தாடை

"வாயைத் திறங்கக்கா" என்ற ஃபிசியோதெரபிஸ்ட் வாய்க்குள் பார்க்கவே இல்லை. அக்காவின் இரண்டு காதுகளுக்கும் முன்னால் விரல்நுனிகளை வைத்துக் காத்திருந்தார். பாதி திறக்கும்போது தாடை இடப்பக்கம் கோணியது. 'டொக்' என்று ஒரு சத்தம், உடனே நேரானது. சத்தம் எனக்கே கேட்டது.

வெள்ளாற்றின் தென்கரையில், திட்டக்குடிக்கு எதிரே இருக்கும் லப்பைக்குடிக்காட்டில், ஒரு வீட்டின் முன்னறைதான் அவருடைய கிளினிக். முழங்காலுக்கும் இடுப்புக்கும்தான் கூட்டம். தாடைக்கு வருகிறவர்கள் குறைவு; வருகிறவர்களும் சுற்றித்தான் வருகிறார்கள். இந்த அக்கா முதலில் காதுவலி என்றுதான் போயிருக்கிறார். காதில் கோளாறு ஏதுமில்லை. தாடை மூட்டு காதுக்குச் சற்று முன்னால் இருப்பதால் வலி அப்படித்தான் ஏமாற்றும். 1934-இல் இந்தத் தொடர்பை எழுதிய அமெரிக்கர் ஜேம்ஸ் காஸ்டனும் காது மருத்துவர்தான். கடைவாய்ப்பற்கள் போனதே காரணம் என்றார் அவர். இன்று தசை இறுக்கம், பல் கடித்தல், தூக்கக் குறைவு, மனக்கவலை எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

கீழ்த்தாடையின் குமிழுக்கும் மண்டையோட்டின் குழிக்கும் நடுவே நார்க்குருத்தால் ஆன மெல்லிய தட்டு இருக்கிறது. வாய் திறக்கையில் குமிழ் முதலில் சுழலும், பிறகு முன்னே வழுக்கும். தட்டு இடம் நழுவியிருந்தால், குமிழ் அதன்மேல் ஏறுகிற நொடியில் சொடக்கு விழும். "வெறும் சத்தம் மட்டும்னா நான் தொடவே மாட்டேன். வலியும் சேர்ந்தாத்தான் வைத்தியம்" என்றார்.

ஸ்கேலை முன்பற்களுக்கு நடுவே வைத்து அளந்தார்: 32 மில்லிமீட்டர். 40-ஐத் தொட வேண்டும்; நம் விரல்கள் மூன்று நுழைகிற அளவு. அடுத்த கேள்வி, "பாக்கு போடுவீங்களா?" பாக்கால் உள்கன்னம் நார் நாராக இறுகினாலும் வாய் திறக்காது. அது புற்றுநோயாக மாறக்கூடியது. பயிற்சி கொடுத்து நாளைக் கடத்தாமல் பல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அக்காவுக்குப் பாக்குப் பழக்கம் இல்லை.

கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம். பிறகு கையுறை மாட்டி, உள்ளே ஒரு விரல், வெளியே ஒரு விரலாகக் கவுள் தசையைப் பிடித்து அழுத்தினார். அக்காவின் கண்கள் சுருங்கின, அழுத்தம் உடனே தளர்ந்தது. பின் கட்டைவிரலைக் கீழ்க்கடைவாய்ப்பல்லின் மேல் வைத்துத் தாடையை மெதுவாகக் கீழே இழுத்தார். இழுப்பது தெரியாத அளவுக்கு இழுப்பு. வாய்க்குள் விரல் விடுகிற வைத்தியம் என்பதால், பெண் என்று தெரிந்தே தன்னிடம் வருகிறார்கள் என்றார்.

"எப்ப பல்லைக் கடிக்கிறீங்க?"

"கடிக்கிறதே இல்லையே."

"இப்ப மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கா?"

அக்கா யோசித்தார். ஒட்டித்தான் இருந்தன. நானும் என் பற்களைப் பிரித்துக்கொண்டேன். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர அவை தொடவே கூடாதாம். சவூதியிலிருந்து கணவர் பேசும்போது போனைத் தோளில் இடுக்கியபடி சமைப்பதும் பேச்சில் வெளிவந்தது. அதற்கு இயர்போன் வாங்கச் சொன்னார்.

"'நான்'னு சொல்லி நிறுத்துங்க. நாக்கு எங்க நிக்குது? அங்கயே இருக்கட்டும். உதடு மூடியிருக்கலாம், பல்லு மட்டும் ஒட்டக்கூடாது."

நாக்கை அண்ணத்தில் வைத்தபடியே வாயைத் திறந்து மூடுவது அடுத்த பாடம். சிலி நாட்டு ஃபிசியோதெரபிஸ்ட் மரியானோ ரொக்கபாடோ வகுத்த முறை இது: 6 பயிற்சிகள், ஒவ்வொன்றும் 6 தடவை, நாளுக்கு 6 வேளை. அத்தனை வேளை யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. "அஞ்சு வேளைத் தொழுகைக்கு அப்புறம் அஞ்சு. படுக்கும்போது ஒண்ணு."

நாலரை வருஷப் படிப்பில் தாடைக்குக் கிடைத்தது சில பக்கங்கள்தான் என்று சிரித்தார். கைப்பக்குவம் பிறகு வந்தது. ஆனாலும் இந்த மூட்டில் கையின் வேலை சில நிமிஷங்கள்தான். மிச்ச நாளெல்லாம் தாடையைச் சும்மா விட அக்காதான் பழக வேண்டும்.

கிளம்பும்போது அக்கா கேட்டார், "சத்தம் போயிடுமா?"

"போகாமலும் இருக்கலாம்க்கா. வலியில்லாம சோறு மெல்லணும், கொட்டாவி விடணும். அதுக்குத்தான் இவ்வளவும்."