எல்லைப்புறத்தில் ஒரு பள்ளிக்கூடம்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருவேறு உலகங்களைக் காண்பர். குருபரப்பள்ளி வரையில் மாந்தோப்புகள் கண்ணுக்குக் குளிர்ச்சியூட்டும். சூளகிரியின் பாறைக் குன்றைக் கடந்தபின் தோப்புகள் குறைந்து, தொழிற்கூடங்களின் கூரைகள் தென்படத் தொடங்கும். 1970களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய பெரிய ஆலைகள் அடுத்தடுத்து வந்தன. ராகியும் அவரையும் விளைந்த நிலத்தில் இன்று வண்டிகளும் கைக்கடிகாரங்களும் உருவாகின்றன. ஓசூர் 2019-ஆம் ஆண்டில் மாநகராட்சியாகவும் உயர்ந்துவிட்டது. ஊரைத் தாண்டிச் சற்றுத் தொலைவு சென்றால் ஜூஜூவாடி. அதற்கப்பால் அத்திப்பள்ளி, கர்நாடக மாநிலம்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை நாம் இவ்வழியே பயணம் செய்தோம். ஆலைகளைக் காண நாம் செல்லவில்லை. அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளுக்கென அருட்சகோதரிகள் நடத்திவரும் ஒரு சிறு பள்ளியைக் காணவே சென்றோம். தங்கள் இல்லத்தின் பெயரை எழுத வேண்டாமென்று அவர்கள் கேட்டுக்கொண்டமையால் அதனை இங்கே குறிப்பிடவில்லை.

பயணத்திற்குக் காரணமாயிருந்தவர் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய். ரோசாத் தோட்டத்தில் கூலிவேலை செய்பவர். அவருடைய ஒரே மகனுக்கு இப்போது வயது 17. ஐந்தாண்டுகளுக்கு முன் அவர் நம்மிடம் வந்து, "சாமி, இவனுக்கும் புதுநன்மை கொடுப்பீங்களா?" என்று கேட்டார். நாம் பையனை அருகே அழைத்து, பரலோக மந்திரத்தைச் சொல்லச் சொன்னோம். அவன் நம் கழுத்திலிருந்த சிலுவையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். "முதலில் செபங்களைக் கற்கட்டும் அம்மா, பிறகு பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டோம். அதன்பின் அத்தாய் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஞாயிறுதோறும் மகனுடன் கோயிலின் கடைசித் தூணருகே அமர்ந்து, நற்கருணை வேளையில் அவனை உட்காரவைத்துவிட்டுத் தாம் மட்டும் வந்து செல்வார். அண்மையில் அப்பிள்ளை பயிலும் பள்ளியின் தலைமைச் சகோதரி நமக்கு ஒரு கடிதம் எழுதினார். "ஒருமுறை வந்து இவனைப் பாருங்கள்" என்பதே அதன் சாரம்.

பள்ளிக்குள் நுழைந்ததும் நம்மை வியக்கவைத்தது ஒரு சுவர். அதில் ஒரு குவளையின் படமும் அதன் கீழே நான்கு சொற்களும் எழுதப்பட்டிருந்தன: தண்ணி, நீரு, நீள்ளு, பானி. இப்பகுதியில் தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் உருது பேசுவோரும் தலைமுறை தலைமுறையாகக் கலந்து வாழ்கின்றனர். இன்று ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களும் சேர்ந்துள்ளன. மற்றப் பிள்ளைகள் தெருவிலேயே மூன்று மொழிகளைக் கற்றுக்கொள்கின்றனர். ஒரு சொல்லைக் கற்கவே ஓராண்டு தேவைப்படும் பிள்ளையின் நிலை என்ன? "வீட்டில் தாய் எந்தச் சொல்லைச் சொல்கிறாளோ, அதுவே இங்கும் அவனுக்குரிய சொல். அவன் மாற வேண்டியதில்லை சாமி, ஆசிரியர்கள்தாம் நான்கு சொற்களையும் கற்கவேண்டும்" என்றார் சகோதரி.

அடுத்த அறையில் ஒரு சிறுவன் சட்டை அணியப் பழகிக்கொண்டிருந்தான். சட்டையை மாட்டி, பொத்தான்களையெல்லாம் ஆசிரியை தாமே போட்டார். கடைசிப் பொத்தானைத் துளையில் பாதி நுழைத்து நிறுத்தினார். மீதிப் பாதியைச் சிறுவன் இழுத்தான். அறை முழுவதும் கைதட்டியது. கடைசிப் படியை முதலில் கற்பிப்பதால் ஒவ்வொரு நாளும் பாடம் வெற்றியிலேயே முடிகிறது. அது கைவந்தபின் அதற்கு முந்தைய படி. இவ்வாறு பின்னோக்கி வந்து, பல மாதங்களில் பிள்ளை தானே சட்டை அணிகிறான். கூடியிருந்த ஆசிரியைகளின் பொறுமையைக் கண்டு, மறைக்கல்வி வகுப்பில் நாம் காட்டிய அவசரத்தை எண்ணி வெட்கினோம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கோப்பு உண்டு. உண்பது, உடுப்பது, பேசுவது, எண்ணுவது, பணத்தை அறிவது எனப் 18 துறைகளில், துறைக்கு 20 வீதம் 360 திறன்களைப் பட்டியலிட்டு, எது கைவந்தது, எது கைவரவில்லை என்று குறிக்கிறார்கள்.  இம்முறையை நம் சென்னையில் ஜெயச்சந்திரன், விமலா என்னும் இரு கல்வியாளர்கள் வகுத்தனர். உலகப் புகழ்பெற்ற மரியா மாண்டிசோரி அம்மையாரும் 1900-ஆம் ஆண்டளவில் உரோமையில் இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பித்த அனுபவத்திலிருந்தே தம் கல்விமுறையை உருவாக்கினார். அவர் 1939-இல் சென்னைக்கு வந்து, போர்க்கால ஆண்டுகளை நம் நாட்டிலேயே கழித்தவர். நம் நாட்டு ஆங்கிலப் பள்ளிகள் பெருமையுடன் பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்ளும் அம்முறையின் முதல் ஆசான்கள், "படிக்க மாட்டார்கள்" என்று கைவிடப்பட்ட பிள்ளைகளே என்பதை எத்தனை பெற்றோர் அறிவர்?

நம் பங்கின் பையனைத் தொழிற்பயிற்சிக் கூடத்தில் கண்டோம். அவன் முன்னே ஒரு பலகை. அதில் பத்துக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஓர் இரும்பு வளையத்தை இடுகிறான். குழிகள் நிறைந்ததும் அனைத்தையும் ஒரு பையில் கொட்டுகிறான். அவனுக்குப் பத்து வரை எண்ணத் தெரியாது. ஆயினும் எந்தப் பையிலும் ஒன்று குறைவதில்லை, ஒன்று கூடுவதில்லை. அருகிலுள்ள சிறுதொழிற்கூடம் ஒன்று இவ்வேலையைக் கூலி கொடுத்துத் தருகிறது. எண்ணத் தெரியாதவனுக்காகப் பலகை எண்ணுகிறது. நாமோ அவனுக்கு ஒரு பலகை செய்து கொடாமல், எண்ணத் தெரியவில்லை என்று ஐந்தாண்டுகள் திருப்பந்தியிலிருந்து விலக்கி வைத்திருந்தோம்.

நண்பகலில் சகோதரி நம்மைச் சிற்றாலயத்திற்கு அழைத்துச் சென்றார். பையனும் உடன் வந்தான். வாயிலில் காலணியைக் கழற்றினான். நற்கருணைப் பேழையின் முன்னே முழந்தாளிட்டான். சகோதரி ஒரு கையில் ரொட்டித்துண்டு ஒன்றை எடுத்து, "இது என்ன?" என்றார். "பசிக்கு" என்றான். பேழையைச் சுட்டிக்காட்டி, "அங்கே?" என்றார். அவன் குரலைத் தாழ்த்தி, "சேசு" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

குருமடத்தில் நாம் பயின்ற பாடம் அப்போது நினைவுக்கு வந்தது. திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் 1910-ஆம் ஆண்டின் ஆணையில், சிறுவர் புதுநன்மை பெறுவதற்கு, சாதாரண அப்பத்திலிருந்து நற்கருணை அப்பத்தைப் பிரித்தறிவதையே முக்கிய அளவுகோலாக வைத்தார். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் 777-ஆம் எண்ணில், உடலிலோ உள்ளத்திலோ குறையுடையோருக்கும் அவர்களால் இயன்ற அளவில் மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை என்று விதிக்கிறது. நாம் அறியாத சட்டமன்று. நினைத்துப் பாராத சட்டம். பிறவியிலேயே பார்வையற்றவனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் வினவியபோது, அவனும் பாவம் செய்யவில்லை, அவன் பெற்றோரும் செய்யவில்லை என்று ஆண்டவர் மறுத்தாரன்றோ? அச்சீடர்களின் கேள்வியை இன்றும் நம் ஊர்களில் இப்பிள்ளைகளின் தாய்மாரிடம் கேட்கிறார்கள். கோயில் வாசலிலேயே கேட்கிறார்கள்.

அன்று மாலை அத்தாயைச் சந்தித்தோம். அவர் புதுநன்மையைப் பற்றிப் பேசவில்லை. "சாமி, நான் இருக்கிற வரைக்கும் பார்த்துக்குவேன். எனக்கப்புறம் இவனுக்கு யாரு?" என்றார். இக்கேள்விக்கு முழுமையான விடை நம்மிடம் இல்லை. எனினும் சில வழிகள் உள்ளன. வாசகர்களுள் இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் இருப்பின் இவற்றைக் கருத்திற் கொள்க. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. மருத்துவச் சான்றும் நாடெங்கும் செல்லுபடியாகும் தனித்துவ அடையாள அட்டையும் பெற்றுக்கொள்ள வேண்டும். அறிவுசார் குறைபாடுடையோருக்குத் தமிழக அரசு வழங்கும் மாத உதவித்தொகை 2023-இல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதற்குக் கிருஷ்ணகிரியிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். எல்லைக்கு அப்பால் வேலையும் இப்பால் வீடுமாக வாழ்வோர், முகவரிச் சான்றுகளை முன்னதாகவே ஒழுங்கு செய்துகொள்வது நலம். இல்லையேல் இரு மாநிலங்களுக்கும் அலைய நேரிடும். 18 வயது நிறைந்தபின், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப் பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். அச்சட்டத்தின் வழியே 'நிராமயா' என்னும் மருத்துவக் காப்பீடும் உண்டு.

இவற்றையெல்லாம் அத்தாய்க்கு விளக்கினோம். அவருடைய தங்கை, "நான் கையெழுத்துப் போடுறேன் சாமி" என்று முன்வந்தார். பையனுக்கு 18 நிறைய இன்னும் ஏழு மாதங்கள் உள்ளன. தாள்களைத் திரட்டும் பொறுப்பை நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் ஏற்றுள்ளனர்.

இருள் கவியும் வேளையில் பேருந்தேறினோம். நந்தி மலையில் தோன்றிக் கர்நாடகத்தைக் கடந்து வரும் தென்பெண்ணை, ஓசூரருகே கெலவரப்பள்ளி அணையிலும் பின்னர் கிருஷ்ணகிரி அணையிலும் தேங்கி, நம் வயல்களுக்குப் பாய்கிறது. எந்த மொழி பேசுவோர் நிலம் என்று அது கேட்பதில்லை. ஆண்டவரின் பந்திக்கு வருவோரிடம் நாம் மட்டும் ஏன் இத்தனை கேள்விகள் கேட்டோம் என்று வழிநெடுக எண்ணிக்கொண்டே வந்தோம்.

வருகிற ஞாயிறு இரண்டாம் திருப்பலியில் அப்பிள்ளை புதுநன்மை பெறுகிறான். அவனும் அவன் தாயும் கடைசித் தூணருகே அமரமாட்டார்கள். முதல் வரிசையில் இடம் ஒதுக்கியுள்ளோம். அவன் நடுவே எழுந்து நடந்தாலும், உரக்கச் சிரித்தாலும், ஒருவரும் திரும்பிப் பார்த்து முகஞ்சுளிக்க வேண்டாமென்று பங்கு மக்களைக் கேட்டுக்கொண்டுள்ளோம். அன்பு வாசகர்களே, உங்கள் தெருவிலும் இத்தகைய பிள்ளை ஒருவன் இருக்கலாம். விருந்தாளிகள் வரும்போது உள்ளறையில் வைத்துக் கதவடைக்கப்படுபவனாகவும் இருக்கலாம். அவ்வீட்டுக்குச் சென்று, அவன் பெயரைக் கேட்டறிந்து, அவனைப் பெயர் சொல்லி அழையுங்கள். நம் பங்குக் குடும்ப ஏட்டில் அத்தகைய பிள்ளைகள் எத்தனைபேர் உள்ளனரென்று எண்ணும் பணியை நாமும் இம்மாதமே தொடங்குகிறோம்.