பெருமைக்கு உரியவர் யார்?

சில மாதங்களுக்கு முன் நகரத்தில் ஒரு திருமண வீட்டுக்குப் போயிருந்தோம். பந்தி முடிந்தபின் வெற்றிலைத் தட்டைச் சுற்றிப் பெரியவர்கள் சிலரும் இளைஞர்கள் சிலரும் அமர்ந்திருந்தனர். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் காற்பந்தில் வந்து நின்றது. கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞர், "ஆறுமுகத்தைப் போல ஒரு கோல் காவலர் இந்த நாட்டில் இன்னும் தோன்றவில்லை, அவர் இந்த நாட்டின் பெருமை" என்றார். கணக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் உடனே சிரித்தார். "தம்பி, பந்தைப் பிடித்தவருக்கே இவ்வளவு பெருமை என்றால், பள்ளிக்கூடம் கட்டியவருக்கும் பிணி தீர்த்தவருக்கும் என்ன மிச்சம் வைப்பாய்? அந்த மாஸ்கோவுக்காவது போனார்களா? போகவுமில்லை. கடைசியில் கையில் மிஞ்சியது என்ன?" என்று கேட்டார். இளைஞர் மறுமொழி சொல்லத் தொடங்குமுன், பக்கத்தில் இருந்த இன்னொருவர் மெல்லக் குனிந்து, "அது கிடக்கட்டும், ஆறுமுகம் எந்த ஆட்கள்?" என்று விசாரித்தார்.

இம்மூன்று பேச்சுக்களும் வீடு திரும்பும் வழியெல்லாம் நம்மை விடவில்லை. முதற் பேச்சில் அன்பு இருந்தது, ஆராய்ச்சி இல்லை. இரண்டாவதில் ஆராய்ச்சி இருந்தது, நீதி குறைந்திருந்தது. மூன்றாவதில் இவ்விரண்டுமே இல்லை. ஒரு காற்பந்து ஆட்டக்காரர் ஒரு நாட்டின் பெருமைக்கும் மதிப்புக்கும் உரியவர்தாமா என்பது விளையாட்டாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று. ஒரு சமூகம் எதைக் கண்டு தலை நிமிர்கிறது என்பதைக் கொண்டே அச்சமூகத்தின் தரத்தை அளந்துவிடலாம். ஆகவே இதனைச் சற்றுப் பொறுமையோடு ஆராய்வோம்.

இளைய வாசகர்களுக்காக முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறோம். ஆர். ஆறுமுகம் 1970-களில் சிலாங்கூர் அணிக்கும் மலேசிய நாட்டணிக்கும் கோல் காவலராக நின்று புகழ் பெற்றவர். நீண்ட கைகளை வீசிப் பந்தைப் பற்றும் திறமையைக் கண்டு ஜனங்கள் அவரை 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்தனர். அக்காலத்து மலேசிய அணி ஆசியாவில் மதிப்போடு பேசப்பட்ட அணி. 1974-இல் டெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டில் அது வெண்கலப் பதக்கம் பெற்றது. 1977-லும் 1979-லும் தென்கிழக்காசிய விளையாட்டில் தங்கம் வென்றது. மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங் என்னும் பெயர்கள் அந்நாளில் தோட்டத்துச் சிறுவர்களுக்கும் மனப்பாடம்.

1980 ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசிய அணி தென் கொரியாவை 2-1 என்ற கணக்கில் வென்று, மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குச் செல்லும் உரிமையைப் பெற்றது. வெற்றிக் கோலை அடித்தவர் சபாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வோங். ஆயின் 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து, அமெரிக்கா முதலிய பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் புறக்கணித்தது. நம்மவர் பெற்ற இடத்தில் ஈராக் அணி போய் ஆடியது. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசியக் காற்பந்து அணி, அதற்குப் பின் இன்றுவரை ஒலிம்பிக் திடலில் கால் வைத்ததில்லை. ஆறுமுகம் 1988 டிசம்பர் 18-ஆம் நாள் ஒரு கார் விபத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 35.

இனி, பெரியவரின் கேள்விக்கு வருவோம். பள்ளிக்கூடம் கட்டியவரையும் பிணி தீர்த்தவரையும் போற்றவேண்டும் என்பதில் நமக்கு இம்மியும் மாறுபாடு இல்லை. ஆயின் மதிப்பு என்பது படியில் அளக்கும் அரிசியன்று, ஒருவருக்கு அளந்து போட்டால் மற்றவருக்குக் குறைந்துபோவதற்கு. உழைத்துத் தேர்ந்த திறமை எதுவாயினும், அது பிறர்க்குத் தீங்கு செய்யாததாயின், மதிப்புக்கு உரியதே.

கோல் காவலரின் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னணியில் ஆடுகிறவர் பத்து முறை தவறிப் பதினோராம் முறை கோல் அடித்தால், ஜனங்கள் அந்தப் பத்தையும் மறந்துவிடுவர். கோல் காவலர் பத்துப் பந்துகளைத் தடுத்துப் பதினொன்றாவதை விட்டுவிட்டாலோ, விட்டது ஒன்றே கணக்கில் ஏறும். தடுத்தவை எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. தொண்ணூறு நிமிடமும் விழிப்பாக இருந்து, பிறர் செய்த பிழைக்கும் தாமே ஈடு கொடுத்து, ஒன்றும் நேராதபடி பார்த்துக்கொள்வதே அவருடைய வேலை. நம் தோட்டங்களில் அத்தகைய வேலை செய்தவர்கள் எத்தனை பேர்! இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போய் நின்று, மரம் மரமாக ஓடிப் பால் வெட்டிய கைகளை யார் எண்ணினார்கள்? வெட்டு சற்று ஆழமாகிப் பட்டை காயப்பட்டால் மட்டும் கங்காணியின் குரல் காடெல்லாம் கேட்கும்.

இங்கே நம் சொந்த நினைவு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1980-இல் நாம் தோட்டத்துச் சிறுவர். பள்ளிக்கூடம் விட்டதும் பந்தைத் தேடி ஓடுவோம். பால் வெட்டித் திரும்பும் நம் தந்தையார், "பந்து சோறு போடுமா?" என்று கேட்டுக் கையிலிருந்ததால் அடிப்பார். தென் கொரியாவோடு ஆட்டம் நடந்த அன்று லயத்து வாசலில் ஒரு வானொலியைச் சுற்றி எல்லோரும் கூடியிருந்தார்கள். தந்தையாரும் சற்றுத் தள்ளி, கேளாதவரைப் போல, கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். மலாய் வருணனையின் நடுவே ஆறுமுகத்தின் பெயர் வரும்போதெல்லாம் தீட்டுகிற கை சற்று நிற்கும். ஆட்டம் முடிந்து எல்லோரும் ஆரவாரம் செய்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாலை நாம் பந்தோடு புறப்பட்டபோது மட்டும் அவர் நம்மைத் தடுக்கவில்லை.

பிறகு, மாஸ்கோவுக்குப் போவதில்லை என்ற செய்தி வந்தது. வயதில் மூத்த ஒருவர், "இவ்வளவு பாடும் வீண்தானே?" என்றார். அதற்குத் தந்தையார் சொன்ன விடை இன்றும் நம் காதில் இருக்கிறது. "வெட்டி முடித்தபின் மழை பெய்து மங்குப் பாலெல்லாம் தண்ணீராகிப் போவதில்லையா? கூலி போய்விடும். அதற்காக அன்றைக்கு நான் வெட்டவில்லை என்று ஆகிவிடுமா?"

பெரியவரின் "கையில் மிஞ்சியது என்ன?" என்ற கேள்விக்கு இதைக் காட்டிலும் நல்ல விடை நமக்குத் தெரியாது. கிண்ணமும் பதக்கமும் வேலையின் கூலி. கூலி தவறலாம், அதனால் வேலை பொய்யாகிவிடாது.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. ஒரு வலிய நாடு தன்னினும் எளிய நாட்டுக்குள் படையோடு புகுவதைக் கண்டிக்க வேண்டும் என்ற கொள்கையை நாம் குறைகூறவில்லை. ஆயின் அந்தக் கொள்கைக்குரிய விலையைக் கொடுத்தவர் யார்? நாட்டு மக்கள் அனைவரும் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்துப் பங்கிட்டுக்கொண்டார்களா? இல்லை. வாழ்நாளில் ஒரு முறையே வாய்க்கும் வாய்ப்பை இழந்து அந்த விலையைச் செலுத்தியவர்கள் ஆறுமுகத்தைப் போன்ற ஒரு சில ஆட்டக்காரர்களே. நாடு தன் பெயரால் ஒரு சிலரிடம் இவ்வளவு பெரிய தொகையை வாங்கிக்கொண்ட பின், அவர்களைக் கண்டு பெருமைப்படலாமா என்று ஆராய்வது, கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனுடைய யோக்கியதையை விசாரிப்பது போலாகும்.

நிற்க. மூன்றாமவர் குனிந்து கேட்ட கேள்வியையும் நாம் விட்டுவிடுவதற்கில்லை.

ஆறுமுகத்தைத் தமிழர் தம்மவர் என்று சொல்லி மகிழ்வதில் தவறில்லை. கூலி என்றும் காட்டான் என்றும் இகழப்பட்ட ஒரு கூட்டத்தாருக்கு, தங்கள் வீட்டுப் பெயர் ஒன்று நாடெங்கும் மரியாதையோடு ஒலிப்பதைக் கேட்கும்போது நெஞ்சு நிமிர்வது இயல்பு. நம் தந்தையாரின் கை நின்றதும் அதனால்தான். ஆயின் அந்த மகிழ்ச்சி இரண்டு இடங்களில் கெட்டுப்போகிறது.

முதலாவது, அவர் நமக்கு மட்டுமே உரியவர் என்று வேலி போடும் இடம். ஆறுமுகம் ஒரு கோடியில் தடுத்த பந்தும் ஜேம்ஸ் வோங் மறுகோடியில் அடித்த பந்தும் ஒரே கணக்கில் எழுதப்பட்டவை. மலாய்க்காரர், சீனர், சீக்கியர், சபாக்காரர், தமிழர் எல்லோரும் ஒரே சட்டை போட்டு ஓடினார்கள். அவர்களில் ஒருவரைப் பிரித்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக முயன்றால், கையில் வருவது அறுந்த சட்டைத் துண்டுதான். 1957-இல் விடுதலை முழங்கிய அதே அரங்கில் அவ்வணி ஆடியது என்பதை எண்ணும்போது, அவர் நாட்டின் பெருமை என்பதே பொருந்தும்.

இரண்டாவது இடம் இதனினும் இழிவானது. "எந்த ஆட்கள்?" என்று கேட்டாரே, அது. பந்து கோலை நோக்கிப் பறந்து வந்த நேரத்தில், அதைத் தடுக்கும் கை எந்தச் சாதியின் கை என்று மெர்டேக்கா அரங்கில் ஒருவராவது கேட்டதுண்டா? ஆரவாரம் செய்யும்போது தமிழன். மாலை போடும்போது மலேசியன். பெண் கொடுக்கும்போது மட்டும் 'எந்த ஆட்கள்' என்றால், நாம் பெருமை பேசியதெல்லாம் யாருடைய உழைப்பை வைத்து? ஒருவருடைய உழைப்பில் பங்கு கேட்கும் நாம், அவரைப் பந்தியில் சமமாக உட்கார வைக்கத் தயங்குவோமாயின், அவருடைய பெயரைச் சொல்லவும் நமக்கு உரிமை இல்லை. சுயமரியாதை பேசிய பெரியோர்கள் இந்த மலாயாவில் கால் வைத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், திருமண வீடுகளில் இந்தக் கேள்வி இன்னும் வெற்றிலையோடு சேர்த்து மெல்லப்படுகிறதே என்பதுதான் நம் வருத்தம்.

இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். மதிப்பது வேறு, வழிபடுவது வேறு. கல்லைத் தெய்வமென்று கும்பிட்ட பழக்கத்தை விட்டுவிட்டுப் பந்தாட்டக்காரரைத் தெய்வமென்று கும்பிடுவது சீர்திருத்தமாகாது. பந்தை நன்றாக ஆடுகிறவர் எல்லாம் நல்லவர் என்று எண்ணியவர்களுக்கு 1994-ஆம் ஆண்டு கசப்பான பாடம் கற்பித்தது. பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்த ஊழல் அவ்வாண்டில் வெளிப்பட்டு, மலேசியக் காற்பந்தே தலை குனிந்தது. பலர் விளையாட்டிலிருந்து தடை செய்யப்பட்டனர். அவர்களுக்கும் கால்களில் திறமை இல்லாமலில்லை. திறமையோடு நேர்மையும் சேர்ந்தபோதுதான் ஓர் ஆட்டக்காரர் மதிப்புக்கு உரியவராகிறார். அவற்றோடு, தம்முடைய நலத்தினும் பெரிய ஒன்றுக்காக இழப்பையும் ஏற்றபோதுதான் நாட்டின் பெருமைக்கு உரியவராகிறார். ஆறுமுகமும் அவர் தோழர்களும் இந்த அளவுகோலுக்குக் குறையாமல் நிற்கிறார்கள்.

இப்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. அவர்களுக்காக நாம் என்ன செய்தோம்? 2016-இல் அந்த 1980 அணியின் கதையைத் தழுவி 'ஓலா போலா' என்ற திரைப்படம் வெளிவந்தது. அதிலும் கோல் காவலர் ஒரு தமிழ் இளைஞரே. படம் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், "இப்படி ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா?" என்று நம்மிடம் கேட்டபோது வெட்கமாக இருந்தது. அவர் இறந்து இருபத்தேழு ஆண்டுகள் கழிந்து, ஒரு திரைப்படம் வந்து சொல்லியபின்தான் நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரிகிறது! நாம் பெருமையைப் பேசினோமேயன்றி அதைக் கைமாற்றிக் கொடுக்கவில்லை.

நாம் பந்தாடிய தோட்டத்துத் திடல் இன்று இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையும் போய் வீடுகள் வந்தன. அங்கிருந்த குடும்பங்கள் நகரத்து அடுக்கு வீடுகளுக்குச் சிதறிப் போயின. அவ்வடுக்கு வீட்டுச் சிறுவன் ஒருவன் மாலையில் பந்தோடு இறங்கினால், ஆட இடமில்லை, கற்றுக்கொடுக்க ஆளில்லை, காலணி வாங்கப் பணமில்லை. ஆனால் கோயில் திருவிழாவுக்கும் பிறந்த நாள் விருந்துக்கும் மதுவுக்கும் அதே வீடுகளிலிருந்து பணம் புறப்படுவதை நாம் காணாமலில்லை. அதில் பத்தில் ஒரு பங்கு ஊர்ப் பிள்ளைகளின் பந்துக்கும் பயிற்சிக்கும் திரும்புமாயின், அது ஆறுமுகத்துக்கு நாம் போடும் மாலையினும் பெரிது.

திருமண வீட்டு இளைஞருக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான்: தம்பி, உன் அபிமானம் சரியானதே, அதைக் கைவிடாதே. ஆனால் அதை ஆரவாரத்தோடு முடித்துவிடாதே. பெரியவரிடம் அந்த ஏப்ரல் மாத ஆட்டத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல். பக்கத்தில் குனிந்து கேட்டவரிடம், "பந்தைத் தடுத்த ஆட்கள்" என்று விடை சொல். பிறகு உன் தெருவுச் சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போ. அவர்களில் உயரமாய், கை நீண்டு, யாரும் சேர்த்துக்கொள்ளாமல் ஓரமாக நிற்கும் ஒரு பையனைக் கூப்பிட்டு இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் நிறுத்து.