கட்டுத்தரைக்குப் போற நாப்பது அடி

பாலமலை அடிவாரத்துல தோட்டத்துக்குள்ளயே குடியிருக்கறவங்களுக்கு ராத்திரி லைட்டு அழகுக்கு இல்லீங்க. பெரியநாயக்கன்பாளையம் வனச்சரகத்தை ஒட்டின தோட்டங்கள்ல வாழையோ சோளமோ இருந்தா யானை வரும். எங்க அம்மா விடிகாலை நாலரைக்குப் பால் கறக்கப் போவாங்க. வாசல்ல இருந்து கட்டுத்தரை நாப்பது அடி. அந்த நாப்பது அடிக்கு வெளிச்சம் வேணும், அவ்வளவுதான்.

பெங்களூர்ல வேலை பார்க்கற அக்கா பையன் தீபாவளிக்கு வந்தப்ப ஸ்மார்ட் பல்பு ரெண்டும், ஆள் நடந்தா எரியற சென்சார் லைட்டு ஒண்ணும் மாட்டிக் குடுத்துட்டுப் போனான். ஒரே வாரத்துல மூணு தகராறு. உங்க வீட்லயும் இதே கதை இருக்கலாம்னு விவரமா எழுதறேன்.

முதல் தகராறு, பல்பு தினமும் போன்ல 'ஆஃப்லைன்'னு காட்டுச்சு. விடிஞ்சதும் அம்மா சுவத்து ஸ்விட்சை அமத்திருவாங்க. ஸ்மார்ட் பல்புக்குள்ள இருக்கற ரேடியோவுக்கு எந்நேரமும் கரண்ட் வேணும். ஸ்விட்சை அமத்திட்டா போன்ல எத்தனை தட்டினாலும் எரியாது.

"அமுச்சி, அந்த ஸ்விட்சைத் தொடாதீங்க"ன்னான் பையன்.

"தொடக்கூடாதுன்னா அதை எதுக்குக் கண்ணு சுவத்துல வெச்சிருக்குது?"ன்னாங்க அம்மா.

அம்மா கேட்டதுதான் சரி. சாதா எல்.இ.டி. பல்பையே போட்டு, ஸ்விட்ச் பெட்டிக்குள்ள ஒரு ஸ்மார்ட் ரிலே வெச்சோம். இப்ப ஸ்விட்சுலயும் எரியும், போன்லயும் எரியும், இன்டர்நெட் போனாலும் ஸ்விட்சு வேலை செய்யும். ஒண்ணு கவனிங்க: பெரும்பாலான ரிலேவுக்கு நியூட்ரல் ஒயர் வேணும். பழைய வீடுகள்ல ஸ்விட்ச் பெட்டிக்கு அது வந்திருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனியா ஒரு ஒயர் இழுக்கணும்.

ரெண்டாவது, நடுராத்திரி கரண்ட் போய் வந்தா படுக்கையறை ஸ்மார்ட் பல்பு தானா முழு வெளிச்சத்துல எரிஞ்சுது. நிறைய பல்புல கம்பெனியில இருந்தே அப்படித்தான் வருது. செட்டிங்ஸ்ல, கரண்ட் திரும்பி வந்தா 'முன்னாடி இருந்த நிலை'ன்னு மாத்தினதும் சரியாப் போச்சு.

மூணாவதுதான் முக்கியம். அம்மா பாதி தூரம் போன பின்னாடிதான் சென்சார் லைட்டு எரிஞ்சுது. முந்தின வாரந்தான் பக்கத்துத் தோட்டத்து வாழைக்குள்ள ஒத்தை யானை நின்னுச்சு. இருட்டுல இருபது அடிங்கறது விளையாட்டு இல்லீங்க.

இந்த சென்சார் ஆளைப் பார்க்கறது இல்ல, உடம்புச் சூடு நகர்றதைத்தான் பார்க்குது. குறுக்கே நடந்தா உடனே தெரியும். நேரா அதைப் பார்த்து நடந்து வந்தா தாமதமாத்தான் தெரியும். பையன் அதைக் கட்டுத்தரை முகப்புல, வாசலைப் பார்த்து மாட்டியிருந்தான். கழட்டி, வழிக்குப் பக்கவாட்டுல இருக்கற மோட்டார் ரூம் சுவத்துக்கு மாத்தினோம். இப்ப அம்மா ரெண்டாவது அடி வெக்கறப்பவே எரியுது. நாய் ஓடினாலும் எரியுதேன்னு லென்ஸோட கீழ்ப்பக்கம் இன்சுலேஷன் டேப் ஒட்டியாச்சு. சித்திரை வெயில்ல தரையும் சுவரும் உடம்பளவு சூடாகிட்டா சென்சார் மந்தமாகும், அதையும் மனசுல வெச்சுக்குங்க.

இத்தனை செஞ்சும் அம்மா கையில டார்ச்சு இருக்குது. லைட்டு எரிஞ்சதும் வாசல்ல ஒரு நிமிஷம் நின்னு, நாய் எந்தப் பக்கம் பார்த்துக் குரைக்குதுன்னு கவனிச்சுட்டுத்தான் இறங்கறாங்க. யானை நிக்குதுன்னா அன்னைக்குக் கறவை தாமதம், வனத்துறைக்கு ஒரு போன், அவ்வளவுதான். மாடு பொறுத்துக்கும்.