கஞ்சி போட்ட அலமாரி

'வீட்டுக்காரர்' என்று நான் பேச்சை ஆரம்பித்தால், என்னைத் தெரிந்தவர்கள் உடனே, "எந்த வீட்டுக்காரர்?" என்று கேட்பார்கள். எனக்குத் தாலி கட்டியவர் ஒரு வீட்டுக்காரர். முதல் தேதி பிறந்தால் வாடகைக்குக் கை நீட்டுகிறவர் இன்னொரு வீட்டுக்காரர். முதலாமவர் 1983-ஆம் வருஷத்திலிருந்து மாறவில்லை, அவரேதான். இரண்டாமவர் இதுவரை ஒன்பது பேர்.

சொந்த வீடு வைத்திருக்கும் பாக்கியசாலிகளுக்கு இந்தக் கதை அவ்வளவாகப் புரியாது. சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால் அவர்கள் சுத்தியலைத் தேடுவார்கள். நாங்கள் முதலில் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்போம்.

வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உண்டா என்றெல்லாம் என் கணவர் விசாரித்துக் கொண்டிருப்பார். நான் நேரே அலமாரியிடம் போய் நிற்பேன். நமக்கு முன்னால் குடியிருந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை அலமாரி சொல்லிவிடும். எண்ணெய் ஜாடி வைத்த வட்டம், மருந்து பாட்டில் வைத்த வட்டம், குங்குமக் கறை, எட்டிய உயரத்தில் ஒரு குழந்தை பென்சிலால் எழுதிப் பார்த்த 'அ'... இவ்வளவையும் பார்த்த பிறகு, அதே தட்டில் நம் பாத்திரத்தைக் கொண்டு போய் வைக்க வேண்டும். சுத்தமாகத் துடைத்தாலும் அது அடுத்தவர் அலமாரி மாதிரியே இருக்கும்.

முதல் குடித்தனம் திருவல்லிக்கேணியில். சுண்ணாம்புச் சுவரிலேயே குடைந்த அலமாரி. புடவையை எடுத்தால் அதன் முதுகில் திருநீறு பூசியது போல் வெள்ளையாக இருக்கும். குடித்தனம் வைத்துக் கொடுக்க வந்த அம்மா, பழைய செய்தித்தாளை விசிறி மாதிரி மடித்து, ஓரத்தைக் கத்தரிக்கோலால் இரண்டு வெட்டு வெட்டி, விரித்துக் காட்டினாள். காகிதம் முழுக்க லேஸ் வைத்தது போல் பல் பல்லாக இருந்தது. அதைத் தட்டில் விரித்து, பல்லை முன்னால் தொங்கவிட்டாள். பின்சுவருக்கு அப்பாவின் பழைய வேஷ்டியை அட்டையில் சுற்றிச் சாய்த்து வைத்தாள். "அலமாரி அவர்களுடையது. உள்ளே இருக்கும் பாத்திரம் உன்னுடையதுதானே?" என்றாள். நவராத்திரியில் கொலுப்படிக்கு வேஷ்டி விரிக்கிறோமே, அதே வேலைதான். பழைய பெட்டியும் பலகையும் உள்ளே கிடப்பது வேஷ்டிக்கு மேலே பார்க்கிறவர்களுக்கு எங்கே தெரிகிறது?

அம்மா காட்டிய வழியிலேயே நான் போயிருக்கலாம். நாகரிகம் யாரை விட்டது? மூன்றாவது வீட்டில் படங்களும் தொங்கு பலகையும் மாட்ட ஏழு ஆணி அடித்தேன். 1991-ல் காலி செய்தபோது வீட்டுக்காரர் ஒவ்வோர் ஓட்டையாக விரலை விட்டு எண்ணி, ஆணிக்கு இருபது ரூபாய் வீதம் பிடித்துக் கொண்டார். ஆறாவது வீட்டில், முதுகுத் தாளை உரித்தால் தானே ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளை ரோஜாப்பூப் போட்டதாகப் பார்த்து வாங்கி, அலமாரி முழுவதும் ஒட்டினேன். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. 2003-ல் வீடு மாறும்போது அதை உரித்தேன், பாருங்கள்! ரோஜாப்பூவோடு பெயிண்டும் வந்துவிட்டது. மிச்சமிருந்த பிசினை மண்ணெண்ணெய் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன். அந்தத் தடவை பிடித்த தொகையை இங்கே சொல்லப் போவதில்லை. முதல் வீட்டுக்காரர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற வழக்கமுள்ளவர்.

2012-ல் நங்கநல்லூருக்குக் குடி போனோம். மாடியில் நாங்கள்; கீழே வீட்டுக்கார மாமி. வாடகை எட்டாயிரம், முன்பணம் எண்பதாயிரம். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது அப்போது சென்னையில் சர்வசாதாரணம். (வேறு விதமாக ஒப்பந்தம் செய்து கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று சொல்லும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019-ல்தான் அமலுக்கு வந்தது.) சாவியைக் கொடுக்கும்போதே மாமி, "சுவரிலே ஒரு குண்டூசி ஏறப்படாது. காலண்டர்கூட மேஜை மேலேதான்" என்று சொல்லிவிட்டார்.

ஹாலில் சுவரோடு பொருத்திய மர அலமாரி ஒன்று இருந்தது. நாலு தட்டு, கதவு கிடையாது. முதுகுப் பலகைக்குக் காப்பிப் பொடி நிறத்தில் ஆயில் பெயிண்ட். ஹாலில் வெளிச்சம் குறைவு. புத்தகத்தை வைத்தாலும் பொம்மையை வைத்தாலும் கிணற்றில் போட்டது போல் இருட்டுக்குள் போய்விடும். வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு கைக்குட்டை புத்தி சொல்லிற்று. புடவைக்குக் கஞ்சி போட்டு மிஞ்சியதில் அவருடைய கைக்குட்டையை நனைத்து, வைக்க இடமில்லாமல் குளியலறைப் பளிங்கு ஓட்டில் அறைந்துவிட்டு மறந்து போனேன். மறுநாள் பார்த்தால், இஸ்திரி போட்டது போல் ஒரு சுருக்கமில்லாமல் சுவரோடு சுவராக ஒட்டிக் கொண்டிருந்தது. மூலையை நகத்தால் கிளப்பி இழுத்தேன். 'சர்'ரென்று முழுசாக வந்தது. ஓட்டில் ஒரு கறை கிடையாது. கொஞ்ச நேரம் அந்தக் கைக்குட்டையையும் ஹால் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்துக் கொண்டு நின்றேன்.

எந்தத் துணியை ஒட்டுவது? கடைக்குப் போய்ப் புதுசு வாங்கியிருக்கலாம்தான். ஆனால் என் பெட்டியில் அம்மாவின் சுங்குடிப் புடவை ஒன்று இருந்தது. அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி. மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் நகத்தால் துணியைக் கிள்ளி, நூலால் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு, சாயத்தில் முக்கி எடுக்கிற அசல் முடிச்சுச் சுங்குடி. அச்சுப் போட்ட சுங்குடியில் புள்ளி தட்டையாக இருக்கும். முடிச்சுப் போட்டதில் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் கோணலாக, ஒன்றைப் போல் ஒன்று இல்லாமல், தொட்டால் விரலுக்குத் தெரியும்படி இருக்கும். 2010-ல் அம்மா தவறிய பிறகு அண்ணி எனக்கென்று எடுத்துக் கொடுத்தது அது. உடுத்த முடியாதபடி நடுவில் நைந்துவிட்டது. பெட்டியில் வைத்தே மடிப்புகளிலும் இற்றுக் கொண்டிருந்தது.

கத்தரிக்கோலை எடுத்ததும் என் கணவர், "அம்மா புடவையையா வெட்டப் போகிறாய்? நன்றாக யோசித்துக்கொள்" என்றார். யோசித்தேன். இரண்டு நாள் கத்தரிக்கோல் புடவையின் மேலேயே கிடந்தது. மூன்றாம் நாள் புடவையை இன்னொரு முறை விரித்தபோது, மடிப்பில் புதிதாக ஒரு கிழிசல் தெரிந்தது. அதற்கப்புறம் யோசிக்கவில்லை. முந்தானையை முழுசாக எடுத்து வைத்தேன். நைந்த நடுப்பாகத்தைத் தள்ளிவிட்டு, இரண்டு கரைகளிலிருந்தும் இரண்டிரண்டு துண்டாக, தட்டின் அளவுக்கு மேல் சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டு, நாலு துண்டு எடுத்தேன். வெட்டும் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதென்று ரேடியோவைப் போட்டுக் கொண்டேன்.

செய்து பார்க்க நினைக்கும் சகோதரிகளுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். துணி மெல்லிய பருத்தியாக இருக்க வேண்டும். புதுத் துணியானால் ஒரு முறை நனைத்து உலர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிய பிறகு சுருங்கும். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். சாயம் போகிற துணி பெயிண்டிலும் இறங்கிவிடும். ஒரு கைப்பிடி ஜவ்வரிசியை ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் கண்ணாடி போல் ஆகும் வரை காய்ச்சி, வடிகட்டி, ஆறவிட வேண்டும். சோளமாவிலும் செய்யலாம்: இரண்டு கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் விட்டுக் கிளறினால் சரி. சுவரொட்டி ஒட்டுகிற மைதாப் பசை வேண்டவே வேண்டாம். அது போகாமல் ஒட்டும். அதோடு பூச்சியையும் கூப்பிடும்.

பலகையைத் துடைத்துக் கஞ்சியைப் பூசி, துணியை மேலிருந்து ஒட்டிக் கொண்டே வந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தள்ளிக் காற்றுக் கொப்புளங்களைப் போக்க வேண்டும். பிறகு துணியின் மேலும் ஒரு பூச்சு. ஓரத்தில் மிஞ்சியதை ஈரத்தில் வெட்டக் கூடாது. மறுநாள் காய்ந்த பிறகு பிளேடால் கீறினால் நேராக வரும். ஆயில் பெயிண்ட், வழவழப்பான பலகை, கண்ணாடி, பளிங்கு ஓடு இவற்றில்தான் இந்த வித்தை பலிக்கும். சுண்ணாம்புச் சுவரில் துணியோடு சுண்ணாம்பும் வந்துவிடும். அங்கே அம்மாவின் அட்டைதான் கதி. அட்டையில் துணியை இழுத்துச் சுற்றி, பின்பக்கம் தைத்து உள்ளே செருகிவிட்டால் போதும். ஓதம் காக்கும் சுவரிலும் ஒட்டாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். சமையலறை வேண்டாம். அங்கே ஆவியும் எறும்பும் நமக்கு முந்திக் கொள்ளும்.

அலமாரி எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? மாலையில் விளக்கைப் போட்டதும் அந்த மூலை முழுவதும் சிவந்து, புள்ளிகள் கண் சிமிட்டின. என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார்.

நாலாம் நாள் மாமி மோட்டார் விஷயமாக மாடிக்கு வந்தார். அலமாரியைப் பார்த்ததும் மோட்டார் மறந்து போயிற்று.

"என்னடீம்மா இது? பசை போட்டு ஒட்டியிருக்கியா?"

"இல்லை மாமி, வெறும் கஞ்சி. எடுத்தால் வந்துவிடும்" என்று ஒரு மூலையைக் கிளப்பிக் காட்டினேன்.

"இப்போ வரும். காலி பண்றச்சே வரணுமே! பெயிண்டுக்கு ஏதாவது ஆச்சோ, முன்பணத்திலேதான் பிடிப்பேன். அப்புறம் என்னைச் சொல்லப்படாது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மூன்று வருஷம் அந்த வார்த்தை என் காதிலேயே இருந்தது. பெட்டியில் மடித்து வைத்ததென்றால் மடித்து வைத்தபடி இருக்கும். இது ஒட்டி வைத்தது. மழைக்காலம் வந்தால் துணிக்கு அடியில் என்ன நடக்கிறதோ என்று ராத்திரியில் எழுந்து தடவிப் பார்ப்பேன்.

2015 மே மாதம் மாமியின் பிள்ளை குடும்பத்தோடு ஊருக்கு வருவதாயிற்று. எங்களுக்கு வீட்டைக் காலி செய்யும்படி ஆயிற்று. புது வீட்டுக்கு முன்பணம் ஒரு லட்சம். மாமி தர வேண்டிய எண்பதாயிரத்தை நம்பித்தான் அந்தப் பேச்சையே முடித்திருந்தோம். ஐயாயிரம் குறைந்தாலும் யாரிடமாவது போய் நிற்க வேண்டும். சாமான் ஏறின பிறகு மாமி வந்து, அலமாரிக்கு எதிரே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார்.

முதல் துண்டு கைக்குட்டை மாதிரியே வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கொஞ்சம் முறைத்தது; வந்துவிட்டது. நாலாவது, கீழ்த் தட்டு, அசையவில்லை. வலது மூலையில் கஞ்சி திப்பியாகத் தங்கி இறுகியிருந்தது. இழுத்தால் துணி கிழியும், அல்லது பெயிண்ட் உரியும். எனக்கு எது போனாலும் நஷ்டந்தான். என் கணவர் வாசலுக்குப் போய்விட்டார்.

ஈரத் துண்டை நனைத்து அந்த மூலையில் வைத்து அழுத்திப் பிடித்துக் கொண்டேன். மாமி பேசவில்லை, நானும் பேசவில்லை. கீழே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். கால் மணி நேரம் கழித்து மூலை தானே நெகிழ்ந்து கொடுத்தது. மெதுவாக, மிக மெதுவாக இழுத்தேன். வந்துவிட்டது. வெந்நீரில் நனைத்த துணியால் பலகையைத் துடைத்தேன். காப்பிப் பொடி நிறம் அப்படியே இருந்தது. மற்ற சுவர்களுக்குப் பழசு தட்டியிருந்ததால் இது மட்டும் புதுசாகக்கூடத் தெரிந்தது.

மாமி எழுந்து வந்து பலகையில் விரலை ஓட்டினார். பிறகு என் கையிலிருந்த துண்டை வாங்கிப் புள்ளிகளைத் தடவினார்.

"முடிச்சுச் சுங்குடின்னா இது! அச்சுன்னு நினைச்சேன். எங்கே வாங்கினே?"

"வாங்கவில்லை மாமி. எங்கள் அம்மாவுடையது."

அவர் அந்தத் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "ஒண்ணை விட்டுட்டுப் போறியா? இந்த அலமாரி இனிமே பார்க்கச் சகிக்காது" என்றார்.

எண்பதாயிரம் ரூபாய் இன்னும் அவர் இடுப்புப் பையில்தான் இருந்தது. கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் கதைக்கும் நன்றாக இருக்கும். எனக்கு மனசு வரவில்லை. "கஞ்சி எப்படிக் காய்ச்சுகிறது என்று சொல்லித் தருகிறேன், மாமி" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு துண்டை என் கையில் கொடுத்துவிட்டு, "ஜவ்வரிசியா, அரிசியா?" என்று கேட்டார்.

பணத்தை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். ஒரு ரூபாய் குறையவில்லை.

துண்டுகளை நனைத்துக் கஞ்சி போக அலசி உலர்த்தினேன். புடவைத் துணி புடவைத் துணியாகவே திரும்பி வந்துவிட்டது. இப்போது இருக்கும் வீட்டில் அலமாரிக்கு மூன்றே தட்டு. மூன்று துண்டு சரியாகப் போயிற்று. நாலாவது துண்டை முந்தானையோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அடுத்த வீட்டு அலமாரிக்கு எத்தனை தட்டு இருக்குமோ, யார் கண்டார்கள்?