பெடல் இறங்கியது எனக்குத் தெரியும்

பிரேக் சரியாகவில்லை என்று தெரிந்தே என் மனைவியிடம் கார் சாவியைக் கொடுத்தேன். அவளும் என் மாமியாரும் அந்தக் காரில் ஏற்காடு மலை ஏறி இறங்கினார்கள். தெரியாமல் நடந்துவிட்டது என்றுதான் சமீபகாலம் வரை எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி நினைக்க வைத்தவனும் நான்தான்.

எங்களுடையது 1998 மாடல் மாருதி 800. சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நின்றால் பெடல் மெல்லக் கீழே போகும். டப்பாவில் பிரேக் ஆயில் குறையவில்லை. சக்கரங்களில் கசிவும் இல்லை. அப்படியென்றால் கோளாறு மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்க வேண்டும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வாஷர் கெட்டுப்போனால், சக்கரத்துக்குப் போக வேண்டிய ஆயில் வாஷரைத் தாண்டிப் பின்பக்கம் வழிந்துவிடும். என் கணிப்பு சரிதான். ரிப்பேர் கிட் வாங்கிவந்து, வீட்டு வாசலிலேயே சிலிண்டரைக் கழற்றினேன்.

துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். உட்சுவரில், கோடியை ஒட்டி, கருப்பாகச் சின்னச் சின்னக் குழிகள். நகத்தால் வருடினால் தட்டுப்பட்டது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்கும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அது 140 வரை இறங்கிவிடலாம். அந்தத் தண்ணீரே சிலிண்டரின் உட்சுவரையும் அரிக்கும். ஆயிலை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டவனும் நான்தான்.

கிட் விற்ற பெரியவர் அப்போதே சொல்லியிருந்தார். "உள்ள அரிப்பு இருந்தா கிட் போடாதீங்க சார். அசெம்பிளியா மாத்திடுங்க." 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன கார் என்றாலும் மாஸ்டர் சிலிண்டர் இன்றும் சாதாரணமாகக் கிடைக்கிறது. அவர் கடையிலேயே இருந்தது. கையில் பணமும் இருந்தது. ஆனால் "மெக்கானிக்கிட்ட விடுங்க மாமா" என்ற மைத்துனரிடம், சாயங்காலத்துக்குள் நானே முடித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். அந்த வார்த்தையைக் காப்பாற்றுவதுதான் எனக்கு அன்று பெரிதாகப் பட்டது.

நைஸ் எமரித் தாள் போட்டுத் தேய்த்தேன். குழி மறையவில்லை. தேய்த்தால் உட்துளை அகன்றுவிடும், வாஷர் கவ்விப் பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும். புது வாஷரைப் பிஸ்டனில் மாட்டி, உள்ளே தள்ளி, லாக் போட்டுவிட்டேன்.

ஏர் எடுக்க மகனை உட்காரவைத்துப் பெடலைத் தரை வரை மிதிக்கச் சொன்னேன். வழக்கமாக மிதிக்கும்போது பிஸ்டன் அவ்வளவு தூரம் போகாது. தரை வரை போனால், புது வாஷரின் மெல்லிய விளிம்பு கோடியில் இருக்கும் அந்தக் குழிகளின் மேல் உரசிப் போய்வரும். பிரேக் வேலையை வீட்டில் செய்யவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பொறுமையாக, ஒழுங்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்தது அந்தக் கணக்கில் வராது.

எல்லாம் முடிந்ததும் பெடலை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். அசையாமல் நிற்க வேண்டும். நூல் நூலாக இறங்கியது. முன்பைவிட மெதுவாகத்தான், ஆனால் இறங்கியது. காலை எடுத்துவிட்டு, "ஆச்சு" என்றேன்.

"ஏங்க, மலைக்கு எடுத்துட்டுப் போலாமுங்களா?" என்று மனைவி கேட்டாள். "தாராளமா போ" என்றேன்.

ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஒரு வளைவுக்கு முன்னால் பெடல் தரையை ஒட்டிப் போய்விட்டது. அவள் இரண்டாம் கியருக்கு மாற்றி, விட்டுவிட்டு மிதித்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்திவிட்டாள். மாமியாரின் நெற்றி முன்பக்கத்தில் இடித்து வீங்கியது. மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன்கள் இரண்டு. ஒவ்வொன்றும் இரண்டு சக்கரங்களுக்கு அழுத்தம் தரும். ஒன்று கைவிட்டாலும் மற்றது பாதி பிரேக்காவது கொடுக்கும். அவர்களைக் காப்பாற்றியது அந்த அமைப்பும் அவளுடைய நிதானமும்.

நான் போய்ச் சேர்ந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "டூப்ளிகேட் கிட் கொடுத்து ஏமாத்திட்டான் அந்தக் கடைக்காரன்." அவள் நம்பினாள். மைத்துனர் நம்பினார்; தெரிந்தவர்களிடமெல்லாம் அந்தக் கடைக்குப் போகாதீர்கள் என்றார். பிறகு அசெம்பிளி மாற்றிய மெக்கானிக், விளிம்பு கிழிந்த வாஷரை என் கையில் வைத்து, "எமரி போட்டீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

சமீபத்தில்தான் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். குழி, எமரி, கிட் எதைப் பற்றியும் அவள் கேட்கவில்லை. "பெடல் இறங்கறது தெரிஞ்சுமா போகச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். மாமியாரிடம் நானே சொல்ல வேண்டும் என்றாள், சொன்னேன். கடைக்காரரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார், பதில் ஒன்றும் பேசவில்லை. மைத்துனரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் யார் யாரிடம் அந்தக் கடையைப் பற்றிச் சொன்னார் என்று கேட்டு, அவர்கள் ஒவ்வொருவரிடமும் நான் போக வேண்டியிருக்கிறது.