எட்டாத கிளைக்கு ஒரு பிடித் தீனி

நவம்பர் 6, வியாழன். நைரோபி

மதிய மழை விட்டதும் வெளியே வந்து பார்த்தால் தெரு முழுக்க ஊதா. ஜகரண்டா மரங்கள் கொட்டி வைத்த பூ. தம்பி இங்கே வேலைக்கு வந்ததிலிருந்து "அக்கா, நீ ஒருதரம் வந்துட்டுப் போ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வந்து இறங்கினால், அவன் மகள் எனக்கான திட்டத்தை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். முதல் வரியே ஒட்டகச்சிவிங்கிக்குத் தீனி கொடுப்பது. பள்ளியிலிருந்து ஏற்கெனவே போய்வந்தவள் என்பதால் ராத்திரி சாப்பாட்டின்போதே எனக்கு வகுப்பு நடந்தது.

"ஒவ்வொண்ணாத்தான் கொடுக்கணும் அத்தை. மொத்தமா நீட்டினீங்கன்னா ஒரே நக்குல காலி. கொடுக்கிற மாதிரி காட்டிட்டு கையை இழுக்கக் கூடாது. இழுத்தா தலையால முட்டும்."

"பலமாவா முட்டும்?"

"அது தலை எவ்ளோ பெரிசுன்னு நாளைக்குப் பார்ப்பீங்க."

தம்பி சொன்ன இன்னொரு தகவல்தான் மனத்தில் தைத்தது. நகரத்தின் தெற்கு விளிம்பை ஒட்டியே 117 சதுர கிலோமீட்டரில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறதாம். அங்கேயும் ஒட்டகச்சிவிங்கிகள் உண்டு. அங்கே எந்த விலங்குக்கும் தீனி போடக் கூடாது; குறித்த இடங்கள் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கவும் கூடாது. அதே ஊரில், சற்றுத் தள்ளி இன்னோர் இடத்தில், தீனியைக் கையில் கொடுத்து ஊட்டச் சொல்கிறார்கள். நம் ஊர் மலைப்பாதைகளில் குரங்குக்குப் பொரி போடுகிறவர்களிடம் சண்டை பிடித்தவள் நான். நாளைக்கு எந்த முகத்தோடு கையை நீட்டுவது?

நவம்பர் 7, வெள்ளி. லங்காட்டா

காலையிலேயே போய்விட்டோம். நைரோபியின் தென்மேற்கே மரங்கள் அடர்ந்த புறநகர் இது. மழை ஓய்ந்த வானத்தில் தூரத்து ங்கோங் குன்றுகள் தெளிவாகத் தெரிந்தன. ஜிராஃப் சென்டருக்குள் நுழைந்ததும் வட்டமான மர மேடை ஒன்று. படியேறி நின்றால், தரையில் நிற்கும் விலங்கின் முகமும் நம் முகமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. ஆட்களைத் தலை நிமிர்ந்து பார்க்காமல் நேருக்கு நேர் பார்க்க வைக்கும் இந்த ஏற்பாடுதான் இங்கே எல்லாமே.

பணியாளர் ஒருவர் அரைச் சிரட்டையில் குச்சித் தீவனம் கொடுத்தார். நம் மாட்டுக்குப் போடும் அதே மாதிரிதான். புல்லும் தானியமும் சேர்த்து அழுத்திய சிறு துண்டுகள். ஒன்றை எடுத்து நீட்டினேன். நாக்கு வந்தது. வந்துகொண்டே இருந்தது. அரை மீட்டர் நீளம், முன்பாதி கருநீலம். நாள் முழுக்க வெளியே நீண்டு வெயில் காயும் உறுப்பு என்பதால் அந்தக் கறுப்பு ஒரு காப்பு என்று சொல்கிறார்கள். சின்ன வயதில் ஆட்டுக்கு வேலங்கிளை வளைக்கத் துறட்டி வைத்திருப்போம். இதற்கு அந்தத் துறட்டி வாய்க்குள்ளேயே இருக்கிறது. விரலைச் சுற்றி வளைத்து, தீவனத்தை மட்டும் வழித்துக்கொண்டு போயிற்று. கையில் மிஞ்சியது கெட்டியான, இழுத்தால் நூலாக வரும் எச்சில். வேல முள்ளைத் தின்னும் வாய்க்கு அந்த வழவழப்பு வேண்டியிருக்கிறது.

கிட்டத்தில் நின்றால்தான் தெரியும் விஷயங்கள் பல. மேல்தாடையின் முன்பக்கம் பல்லே இல்லை; ஆடு மாடுகளைப் போல் ஈறுதான். கண்ணிமை மயிர் விரல் நீளத்துக்கு இருக்கிறது. தலையில் கொம்பென்று நாம் நினைப்பது தோல் போர்த்திய எலும்பு. பெண்ணுக்கு அதன் நுனியில் மயிர்க்கற்றை இருக்கும். ஆணுக்குச் சண்டையில் தேய்ந்து வழுக்கையாகிவிடும். ஆண்கள் சண்டை போடுவது கழுத்தை வீசித் தலையால் மோதித்தான். முட்டும் என்று ராத்திரி எச்சரித்தது எதை என்று அப்போதுதான் உறைத்தது.

சற்றுத் தள்ளி ஒன்று தின்று முடித்து நின்றுகொண்டிருந்தது. சும்மா நிற்கிறது என்று நினைத்தேன். அதன் கழுத்தின் அடிப்பக்கம் ஓர் உருண்டை புடைத்து, தோலுக்கடியில் மெல்ல மேலேறி, வாயை எட்டியது. உடனே தாடை அரைக்கத் தொடங்கிற்று. அசை போடுகிறது! மாட்டுக்கும் இதுதான் நடக்கிறது என்றாலும் இரண்டு மீட்டர் கழுத்தில் அந்தக் கவளத்தின் பயணத்தைக் கண்ணால் தொடர முடிகிறது. அவ்வளவு உயரத்துக்கு ரத்தத்தை ஏற்ற வேண்டியிருப்பதால் இதயம் சுமார் 11 கிலோ. ரத்த அழுத்தம் நம்மைப் போல் இரு மடங்கு. ஆனால் கழுத்தெலும்புகள் ஏழுதான், நமக்கு இருக்கும் அதே ஏழு.

"கால்ல பாருங்க அத்தை, வெள்ளை சாக்ஸ்" என்றாள் தம்பி மகள். முழங்காலுக்குக் கீழே புள்ளியே இல்லாமல் வெளுத்திருந்தது. ராத்ஸ்சைல்டு ஒட்டகச்சிவிங்கிகளை அடையாளம் காண்பது இதை வைத்துத்தான். வங்கிக் குடும்பத்தில் பிறந்து விலங்கியலில் மூழ்கிப்போன வால்டர் ராத்ஸ்சைல்டின் பெயர் இவற்றுக்கு.

மேடையின் உட்புறம் படங்களோடு கதை எழுதி வைத்திருக்கிறார்கள். 1970களில் கென்யாவில் இந்த வகையில் எஞ்சியவை சுமார் 130. அவை இருந்தது மேற்கே சோய் என்ற ஊரையொட்டிய 18,000 ஏக்கர் பண்ணையில். அந்த நிலத்தைக் கூறு போட்டு நிலமற்றவர்களுக்குக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. நியாயமான முடிவுதான், ஆனால் சோளக்கொல்லைகளுக்கு நடுவே ஒட்டகச்சிவிங்கி வாழ முடியாது. லங்காட்டாவில் வசித்த ஜாக் லெஸ்லி மெல்வில், பெட்டி லெஸ்லி மெல்வில் தம்பதி அங்கிருந்து ஒரு குட்டியைப் பிடித்துவந்து வீட்டிலேயே பால் கொடுத்து வளர்த்தார்கள். அதற்கு டெய்சி என்று பெயர். பிறகு மார்லன் என்ற ஆண் குட்டியும் வந்து சேர்ந்தது. 1979இல் அறக்கட்டளை தொடங்கினார்கள். 1983இல் இந்த இடம் பொதுமக்களுக்குத் திறந்தது. அவர்கள் வாழ்ந்த கல் மாளிகை இன்று ஓட்டல். காலைச் சாப்பாட்டு மேசைக்கு ஜன்னல் வழியே ஒட்டகச்சிவிங்கி தலை நீட்டும் என்பது அதன் பெருமை. ஒரு ராத்திரி வாடகையைத் தம்பி சொன்னதும் மேடையே போதும் என்று தோன்றிவிட்டது.

ஸ்வெட்டர் போட்ட பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். விளக்கம் சொல்பவர் அவர்களைத் தீனி கொடுக்க விடுவதற்கு முன் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். சினை எவ்வளவு காலம்? சுமார் 15 மாதம். பிறக்கும்போது குட்டி எவ்வளவு உயரம்? "உங்க சார் உயரம்" என்றார். பிள்ளைகள் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். தாய் நின்றபடியே ஈனும், குட்டி இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழும் என்றதும் சிரிப்பு நின்றது. இந்த மையம் முதலில் நினைத்தது இந்தப் பிள்ளைகளைத்தான். கென்யக் குழந்தைகளில் பலர் தம் நாட்டு விலங்குகளைக் கிட்டத்தில் பார்த்ததே கிடையாது. வெளிநாட்டவர் வாங்கும் சீட்டின் காசு அவர்களுடைய பாடத்துக்கும் போகிறது.

கீழே வார்ட்ஹாக் பன்றிகள் முழங்காலிட்டு, மேலிருந்து சிந்தும் தீவனத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

நவம்பர் 8, சனி. நகுரு

ஜிராஃப் சென்டரில் பிறக்கும் குட்டிகள் வளர்ந்தபின் எங்கே போகின்றன என்று நேற்று அங்கே கேட்டேன். தேசியப் பூங்காக்களுக்கு அனுப்புகிறார்கள் என்றார்கள். சோய் பண்ணையிலிருந்து 1970களில் கொண்டுபோய்விட்ட மந்தை ஒன்றின் சந்ததி நகுரு ஏரிப் பூங்காவில் இருக்கிறது என்று தம்பி சொன்னதால் விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டோம். பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் சாலை இறங்கும் இடத்தில் குளிர் எலும்பைத் தொட்டது. பள்ளத்தாக்கின் அடியில் நைவாஷாவைத் தாண்டி வடமேற்கே போனால் நகுரு.

ஏரி பெருகிக் கரையை விழுங்கி வெகுகாலமாகிறது. செத்த மரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. கரையைத் தாண்டி மஞ்சள் பட்டை வேல மரங்களின் காடு. அங்கேதான் அவை இருந்தன. வெள்ளைக் கால்கள், ஒரு குட்டியும் கூட.

ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தார். தம்பி மகள் பழக்கத்தில் ஜன்னல் வழியே கையை நீட்டினாள். அவள் அப்பா பிடித்து உள்ளே இழுத்தான். ஒரு பெரிய பெண் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. காதுகள் முன்னோக்கி நின்றன. நேற்று பார்த்த அதே கண்தான், அதே இமைதான். இதற்கு எங்களிடம் வாங்க எதுவும் இல்லை. நாங்கள் ஆபத்தா என்று மட்டும் பார்த்தது. பிறகு குட்டிக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டடி எடுத்து வைத்து நின்றுகொண்டது. அந்தப் பின்னங்கால் உதையில் சிங்கமே செத்துப்போவதுண்டு. இந்தப் பூங்காவில் சிங்கமும் இருக்கிறது.

"நம்மளைப் பிடிக்கலையா அதுக்கு?" என்றாள் சின்னவள்.

"பிடிக்கணும்னு என்ன அவசியம்?" என்றான் அவள் அப்பா.

அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. எனக்குப் பட்டது.

ஆனால் இதையும் கைபடாத காடு என்று சொல்லிவிட முடியாது. பூங்காவைச் சுற்றி மின்வேலி. காண்டாமிருகத்தைக் கொம்புத் திருடர்களிடமிருந்து காக்கப் போட்டது. வெளியே நகுரு நகரமே இருக்கிறது. வேலிக்குள் ஒட்டகச்சிவிங்கி பெருகியபோது இலை போதாமல் வேல மரத்தின் பட்டையை உரித்துத் தின்ன ஆரம்பித்தன. பட்டை போனால் மரம் போகும். மரம் போனால் அவையும் போகும். திறந்த நிலத்தில் என்றால் மந்தை அடுத்த தோப்புக்கு நடந்திருக்கும். இங்கே எத்தனை இருக்கலாம், எதை எங்கே மாற்றலாம் என்று மனிதன் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு. நைரோபி

மழை. வீட்டிலேயே இருந்து இதை எழுதுகிறேன்.

வெகுகாலமாக ஒட்டகச்சிவிங்கி என்றால் ஒரே இனம் என்றுதான் புத்தகங்கள் சொல்லிவந்தன. 2016இல் மரபணு ஆய்வொன்று நான்கு என்றது. 2025 ஆகஸ்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் நான்கு என்று ஏற்றுக்கொண்டது. அதில் மூன்று கென்யாவில் இருக்கின்றன. ராத்ஸ்சைல்டு வகை வடக்கு இனத்தில் அடங்கும். அந்த இனம் மொத்தமே சுமார் 7,000தான். ஒன்று என்று எண்ணியபோது ஆப்பிரிக்கா முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் என்ற பெரிய எண்ணுக்குப் பின்னால் இந்தச் சின்ன எண் மறைந்து கிடந்தது.

பரிங்கோ ஏரியில் நடந்தது இன்னும் விசேஷம். ஒரு காலத்தில் மோதிக்கொண்டிருந்த போக்கோட், இல்சமுஸ் மக்கள் சேர்ந்து நடத்தும் ருக்கோ காப்பகத்துக்கு 2011இல் இதே வகையைக் கொண்டுவந்து விட்டார்கள். ஏரி பெருகியதில் அவை நின்ற நிலமுனை தீவாகிவிட்டது. தீவில் தழை குறைந்துபோக, காவலர்கள் படகில் தீனி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கடைசியில் காலிப் பீப்பாய்களின் மேல் இரும்புத் தெப்பம் ஒன்று கட்டி, அதில் தின்பண்டம் வைத்துப் பழக்கி, 2020 டிசம்பரிலிருந்து 2021 ஏப்ரலுக்குள் ஒன்பதையும் கரைசேர்த்தார்கள். கையிலிருந்து தின்னவே கூடாது என்று அன்று யாராவது விதி பேசியிருந்தால் அவை தீவிலேயே முடிந்திருக்கும்.

ஆக, தீனி கொடுப்பது சரியா தப்பா என்று நான் கேட்டது அரைகுறைக் கேள்வி. மலைப்பாதைக் குரங்குக்கு விழும் பொரி அதைச் சக்கரத்தடிக்கு இழுத்து வருகிறது. அந்தப் பொரிக்குப் பின்னால் ஒரு திட்டமும் கிடையாது. மேடையில் கொடுக்கும் தீனிக்கு அளவு உண்டு, மேற்பார்வை உண்டு. அதைவிட முக்கியம், சிரட்டைக்குக் கொடுத்த காசு வேறெங்கோ போய் வேலை செய்கிறது.

தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் வணிகம் படித்தவனாகத்தான் பதில் சொன்னான். "தொட்டுப் பார்க்கக் காசு கொடுக்க ஊர் உலகமே வரும் அக்கா. தொடாம இருக்கிறதுக்குக் காசு கொடுன்னு கேட்டா யார் கொடுப்பா?" யோசித்துப் பார்த்தால் வேலி போட, வேட்டையைத் தடுக்க, மந்தையை இடம் மாற்ற என்று ஆகும் செலவெல்லாம் தொடாமல் இருப்பதற்கான செலவுதான். அதில் படம் எடுத்துக்கொள்ள எதுவும் கிடையாது. முதல் கூட்டத்திடம் வாங்கி இரண்டாவது வேலைக்குத் திருப்பிவிடலாம் என்று அந்தத் தம்பதி கண்டுகொண்டார்களே, குட்டியைப் பால் கொடுத்து வளர்த்ததைவிட அது பெரிய காரியம்.

நைரோபி வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். மேடைக்குப் போங்கள், வெட்கப்படாமல் ஊட்டுங்கள். ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள். உங்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று இலைக்குத் திரும்பும் ஒன்றையும் எங்காவது பார்த்துவிட்டு வாருங்கள். கொடுத்த காசு எதற்கென்று அது காட்டிக் கொடுத்துவிடும்.