கழகம்: கற்கும் இடமும் சூதாடும் இடமும்

திருக்குறளின் சூது அதிகாரத்தில் ‘கழகம்’ என்னும் சொல் சூதாடும் இடத்தைக் குறிக்கிறது. அதே சொல் கற்றோர் கூடும் அவைக்கும் பெயராக இருந்தது. இன்றைய ‘பல்கலைக்கழகம்’ அந்தப் பொருளின் வழிவந்தது. பிற்காலத்தில் அரசியல் கட்சிகளும் விளையாட்டுச் சங்கங்களும் அச்சொல்லை எடுத்துக்கொண்டன. கால்பந்து ‘கிளப்’பைத் தமிழில் எழுத நேர்ந்தால் ‘கழகம்’ என்று எழுதுவதே வழக்கம். கல்வியும் பணயமும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது மொழியில் நேர்ந்த தற்செயலாக இருக்கலாம். ஆனால் இங்கிலாந்தின் கால்பந்துக் கழகங்கள் நடத்தும் இளையோர் அகாடமிகளைப் பார்க்கும்போது, அந்த நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில்கூட இல்லை என்று தோன்றுகிறது.

அங்கே ஒரு சிறுவனை ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவிலேயே தொழில்முறைக் கழகம் ஒன்று முறைப்படி பதிவு செய்துகொள்ளலாம். பதினாறு வயதுப் பிரிவு முடியும்வரை அவன் ஆடும் வாராந்தர ஆட்டங்களுக்குப் புள்ளிப்பட்டியல் கிடையாது. வெற்றியைவிடக் கற்றலே முதன்மை என்பது கொள்கை. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில் நுழையும்போதுதான் லீக் என்பதன் முழுப்பொருள் அவனுக்கு விளங்கத் தொடங்குகிறது. முதல்தர அகாடமிகள் வடக்கு, தெற்கு என இரு பிரிவுகளாக ஆடுகின்றன. இரு பிரிவுகளின் வெற்றியாளர்களும் தேசிய இறுதியாட்டத்தில் சந்திக்கின்றனர். இரண்டாம் தர அகாடமிகளுக்குத் தனி லீக் உண்டு. அதற்கும் கீழே உள்ள சிறு கழகங்கள் யூத் அலையன்ஸ் என்னும் அமைப்பில் ஆடுகின்றன. இவற்றுக்கு வெளியே, 1952–53 முதல் நடந்துவரும் எஃப்.ஏ. யூத் கோப்பை நாடெங்குமுள்ள சிறியவற்றையும் பெரியவற்றையும் ஒரே குலுக்கலில் கலக்கிறது. 2022ஆம் ஆண்டின் யூத் கோப்பை இறுதியாட்டத்தை ஓல்டு டிராஃபோர்டில் 67,492 பேர் பார்த்தனர்.

அந்த எண்ணிக்கை விதிவிலக்கு. லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை முற்பகலில், கழகத்தின் பயிற்சித் திடலில் நடக்கின்றன. கம்பித் தடுப்புக்கு அப்பால் பெற்றோர் சிலர், கையேட்டில் குறிப்பெழுதும் ஸ்கவுட்டுகள் சிலர், அவ்வளவே. ஆகஸ்ட் மாதத்தில் பருவம் தொடங்குகிறது. பள்ளிப் பொதுத்தேர்வை அப்போதுதான் முடித்துவிட்டு வந்த பதினாறு வயதினர் முதலாண்டுக்காரர்கள். அவர்களுக்கு ஓராண்டு மூத்தவர்கள் இரண்டாமாண்டுக்காரர்கள். இலையுதிர் காலத்திலேயே மிகச் சிறந்தவன் இருபத்தொரு வயதுப் பிரிவுக்கு ஏற்றப்பட்டுவிடுகிறான். குளிர்காலத்தில் காயங்கள் அணியை மெலியச் செய்கின்றன. அந்த இடங்களை நிரப்ப, வார நாள்களில் பள்ளிச் சீருடை அணியும் பதினைந்து வயதினர் அழைக்கப்படுகின்றனர். ஆகஸ்டில் தொடங்கிய அணி ஒன்று. மே மாதத்தில் கோப்பையைத் தூக்கும் அணி வேறொன்று. தன் அணி முதலிடத்தில் இருக்கும்போது அதன் சிறந்த ஆட்டக்காரனை மேலே அனுப்பிவிடுவதே பயிற்சியாளரின் கடமை. அவர் தோற்பதற்கான காரணமே சில வேளைகளில் அவருடைய வெற்றியாக இருக்கிறது. வேறெந்த லீக்கிலும் இந்த முரண் இவ்வளவு வெளிப்படையாக இல்லை.

இந்தப் பிள்ளைகளுக்கு வழங்கும் பெயர் ஆராய்தற்குரியது. பதினாறு வயதில் ஈராண்டு ஒப்பந்தம் பெறுபவன் ‘ஸ்காலர்’ எனப்படுகிறான். இந்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வாளரைச் சுட்டும் அதே சொல். அவனுடைய பாட்டன் காலத்தில் அவ்விடத்தில் இருந்த சொல் ‘அப்ரண்டிஸ்’. மூத்த வீரர்களின் காலணிகளைத் துடைப்பதும், ஆட்டம் முடிந்ததும் பார்வையாளர் படிக்கட்டுகளைப் பெருக்குவதும் அவனுடைய வேலையில் சேர்த்தி. 1980களில் அரசின் இளைஞர் பயிற்சித் திட்டம் வந்தபோது அவன் ‘டிரெய்னீ’ ஆனான். ஹோவர்ட் வில்கின்சன் வரைந்த 1997ஆம் ஆண்டின் தர ஆவணத்தையொட்டி அகாடமிகள் உருவான பிறகு ‘ஸ்காலர்’ ஆனான். துடைப்பம் போய்ப் புத்தகம் வந்தது. இப்போது பயிற்சியோடு பாடமும் கட்டாயம். இந்த மாற்றத்தின் நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் தொழில் பழகுபவனுக்கு ஒரு தொழில் இறுதியில் கைக்கு வரும் என்பது ‘அப்ரண்டிஸ்’ என்ற பழைய சொல்லில் அடங்கிய உறுதி. புதிய சொல் மதிப்பைக் கூட்டியது. அந்த உறுதியைக் கூட்டவில்லை.

சொற்களுக்குப் பின்னால் கணக்கு நிற்கிறது. எலீட் பிளேயர் பெர்ஃபாமன்ஸ் பிளான் என்னும் திட்டம் 2011 அக்டோபரில் ஃபுட்பால் லீக் கழகங்களின் வாக்கெடுப்புக்கு வந்து, 46க்கு 22 என்ற கணக்கில் நிறைவேறியது. 2012இல் நடைமுறைக்கு வந்தது. அகாடமிகள் நான்கு தரங்களாகப் பிரிக்கப்பட்டன. சிறு கழகம் வளர்த்த சிறுவனைப் பெரிய கழகம் எடுத்துக்கொண்டால் தரவேண்டிய இழப்பீட்டுக்கு நிலையான விலை வந்தது: ஒன்பது முதல் பதினொரு வயதுப் பிரிவு வரை ஆண்டுக்கு 3,000 பவுண்டு, பன்னிரண்டு முதல் பதினாறு வரை, அகாடமியின் தரத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 12,500 முதல் 40,000 பவுண்டு. அவன் பிற்காலத்தில் முதன்மை அணிக்கு ஆடினால் மேலும் தொகை உண்டு. நாற்றங்காலை வைத்திருப்பவரிடமிருந்து நாற்றை என்ன விலைக்குப் பிடுங்கலாம் என்று வயல்காரர்களே முடிவுசெய்த ஏற்பாடு அது என்று சிறு கழகங்கள் குறைகூறின. 2016இல் பிரென்ட்ஃபோர்டு தன் அகாடமியையே மூடியது. 2022இல்தான் மீண்டும் திறந்தது. அதே வேளையில் திடல்கள், மருத்துவம், பயிற்சியாளர் தகுதி ஆகியவை இத்திட்டத்தால் மேம்பட்டன என்பதும் உண்மை. இரண்டும் ஒரே மரத்தின் கனிகள்.

பிறந்த தேதியும் இந்தக் கணக்கில் ஒரு கூறு. வயதுப் பிரிவுக்கான எல்லைக்கோடு பள்ளியாண்டைப் போலவே செப்டம்பர் 1. செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே அணியில் நிற்கின்றனர். இடையே ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி. அகாடமிப் பட்டியல்களில் ஆண்டின் முற்பகுதியில் பிறந்தோர் மிகுதியாகவும் கோடையில் பிறந்தோர் குறைவாகவும் இருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. உயரமும் வேகமும் திறமை என்று எண்ணப்பட்டுவிடுகின்றன. இதைச் சமன்செய்ய, பிறந்த நாளை விட்டு உடல் முதிர்ச்சியை அளவாகக் கொண்டு சிறுவர்களைக் குழுப்படுத்தும் ‘பயோ-பேண்டிங்’ முறையைப் பிரிமியர் லீக் சோதித்துப் பார்த்தது. ஆனால் சனிக்கிழமை லீக் ஆட்டம் இன்னமும் நாள்காட்டியின்படியே நடக்கிறது.

ஒரு பருவத்தின் புள்ளிப்பட்டியல் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதற்கு 2018–19ஆம் ஆண்டின் டார்பி கவுன்டி நல்ல சான்று. இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள அந்தத் தொழில் நகரத்தின் முதன்மை அணி அப்போது இரண்டாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணியோ லிவர்பூல், மான்செஸ்டரின் இரு கழகங்கள், எவர்ட்டன் ஆகியவை இருந்த வடக்குப் பிரிவில் முதலிடம் பெற்றது. 2019 மே மாதம் தேசிய இறுதியாட்டத்தில் தெற்கின் வெற்றியாளரான ஆர்சனலை 5–2 என்று வென்றது. அதே மாதத்தின் 27ஆம் நாள் வெம்பிளியில், ஃபிராங்க் லம்பார்ட் வழிநடத்திய முதன்மை அணி ஆஸ்டன் வில்லாவிடம் 2–1 என்று தோற்றுப் பிரிமியர் லீக் வாய்ப்பை இழந்தது. பிள்ளைகள் வென்றார்கள், பெரியவர்கள் தோற்றார்கள். செய்தித்தாள்களில் இடம் யாருக்குக் கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தேசிய வெற்றி அந்த இளையோருக்கு ஐரோப்பிய யூத் லீக்கின் கதவைத் திறந்தது. 2020 பிப்ரவரியில் சொந்த ஊரிலேயே பொருசியா டார்ட்மண்டை வென்று கடைசிப் பதினாறு அணிகளுள் ஒன்றாயினர். அங்கே சால்ஸ்பர்க்கிடம் வீழ்ந்தனர். ஜேசன் நைட், லூயி சிப்லி, லீ புக்கானன் என அத்தலைமுறையினர் சிலர் முதன்மை அணிக்குள் வந்தனர். 2020 ஜூனில் பெருந்தொற்றால் வெறிச்சோடியிருந்த மில்வால் திடலில் சிப்லி மூன்று கோல் அடித்தார்; பார்வையாளர் எவரும் இல்லை.

பிறகு வந்தது கடன். 2021 செப்டம்பரில் டார்பி கவுன்டி நிர்வாகியின் பொறுப்பில் போனது. மொத்தம் 21 புள்ளிகள் பறிக்கப்பட்டன. புதிய வீரர்களை விலைகொடுத்து வாங்க இயலாத நிலையில், தாமே பதினாறு வயதில் எவர்ட்டனுக்காகக் களமிறங்கியவரான வெய்ன் ரூனி, அகாடமிப் பிள்ளைகளை நம்பி அந்தப் பருவத்தை ஓட்டினார். அணி 34 புள்ளிகளோடு மூன்றாம் அடுக்குக்கு இறங்கியது. பறிக்கப்பட்டவற்றைக் கூட்டினால் 55. அது இரண்டாம் அடுக்கில் நிலைத்திருக்கப் போதுமானதற்கும் மேல். அதாவது ஆடுகளத்தில் இளையோர் தோற்கவில்லை. பெரியவர்கள் கணக்குப் புத்தகத்தில் வைத்த பணயத்தை அவர்கள் கால்களால் மீட்கப் பார்த்தனர். கழகம் என்னும் சொல்லின் இரு பொருள்களும் ஒரே திடலில் சந்தித்த பருவம் அது.

இதுவரை சொன்னது எஞ்சியவர்களின் கதை. மற்றவர்களுக்கும் ஒரு சொல் உண்டு: ‘ரிலீஸ்’. தமிழ்ச் செவிக்கு ‘ரிலீஸ்’ என்றால் புதுப்படம் வெளியாகும் நாள். மேளம், மாலை, கொண்டாட்டம். சட்டத்தில் அது விடுதலை. இங்கிலாந்தின் அகாடமியில் அதன் பொருள், “இனி நீ வரவேண்டாம்.” பதினாறு வயதுப் பிரிவினருக்கு இந்தச் செய்தி பொதுத்தேர்வுக்குச் சில மாதங்கள் முன்பே, பருவத்தின் நடுவில் வந்துவிடுகிறது. ஸ்காலருக்கு இரண்டாமாண்டில் வருகிறது. ஜூன் மாதத்தில் பிரிமியர் லீக் வெளியிடும் ‘தக்கவைக்கப்பட்டோர், விடுவிக்கப்பட்டோர்’ பட்டியலில் உலகறிந்த வீரரின் பெயருக்கு அருகிலேயே பதினெட்டு வயதுப் பெயரும் அச்சாகிறது. அதன்பின் அவன் வேறு கழகங்களில் தேர்வாட்டம் ஆடச் செல்கிறான். அங்கே அணிப்பட்டியலில் பல வேளைகளில் அவனுக்குப் பெயரே இல்லை. ‘ட்ரையலிஸ்ட்’ என்று மட்டும் இருக்கும். ஒன்பது வயது முதல் முதுகில் எண்ணைச் சுமந்தவன் பதினெட்டில் பெயரை இழக்கிறான்.

ஆறுதலாகச் சில பெயர்கள் உடனே எடுத்துரைக்கப்படும். ஷெஃபீல்டு வென்ஸ்டே பதினாறு வயதில் விடுவித்த ஜேமி வார்டி 2016இல் லெஸ்டரோடு பிரிமியர் லீக் வென்றார். செல்சி பதினான்கு வயதில் விடுவித்த டெக்லன் ரைஸ் இங்கிலாந்து அணியின் நடுக்களத்தைத் தாங்கினார். ஆர்சனல் சிறுவயதிலேயே அனுப்பிவிட்ட ஹாரி கேன் இங்கிலாந்தின் கோல் சாதனையாளர் ஆனார். மூன்றும் உண்மை. ஆனால் மூன்றும் கால்பந்துக்குள்ளேயே முடியும் கதைகள். மின்பணியாளராகவோ, ஆசிரியராகவோ, செவிலியராகவோ நல்வாழ்வு அமைத்துக்கொண்டவனை எவரும் சான்று காட்டுவதில்லை. விடுவிக்கப்பட்டவன் திரும்பி வந்து வென்றால்தான் அவன் வாழ்வுக்குப் பொருள் உண்டு என்பது ஆறுதல் ஆகாது. சூதாட்டத்தில் தோற்றவனிடம் இன்னொரு முறை காயை உருட்டச் சொல்வது அது.

மாற்றம் இல்லாமல் இல்லை. 2021 பிப்ரவரியில் கிரிஸ்டல் பேலஸ், தன் அகாடமியிலிருந்து விடுவிக்கப்படும் 18 முதல் 23 வயதினருக்கு மூன்றாண்டுகள் தொடர்ந்து துணைநிற்கும் திட்டத்தை அறிவித்தது. அவர்களோடு தொடர்ந்து பேசி, கல்விக்கோ வேலைக்கோ வழிகாட்ட ஓர் அலுவலரை அமர்த்துவது அதன் மையம். எளிய ஏற்பாடுதான். ஆயினும் ‘ரிலீஸ்’ என்ற சொல்லுக்குப் பிறகும் வாக்கியம் தொடர்கிறது என்று ஒரு கழகம் ஒப்புக்கொண்டது அதில் தெரிகிறது.

தன்னைக் கல்விக்கூடம் என்று அழைத்துக்கொள்ளும் நிறுவனத்திடம் கல்விக்கூடத்துக்குரிய கேள்வியைக் கேட்பதே முறை. ஒரு கல்லூரியின் தரம் அதிலிருந்து வந்த அமைச்சரின் படத்தால் அளக்கப்படுவதில்லை. அங்கே படித்த எல்லாரும் எங்கே இருக்கின்றனர் என்பதால் அளக்கப்படுகிறது. ஒவ்வொரு அகாடமியும் தன் பதினெட்டு வயது அணியின் புள்ளிப்பட்டியலுக்கு அருகே இன்னொரு பட்டியலையும் வெளியிடலாம்: ஐந்தாண்டுகளுக்கு முன் இதே சட்டையை அணிந்தவர்களுள் இன்று ஆடுவோர் எத்தனை பேர், படிப்போர் எத்தனை பேர், வேலையில் இருப்போர் எத்தனை பேர், தொடர்பே அற்றுப்போனோர் எத்தனை பேர். தன் பிள்ளையை ஒன்பது வயதில் கையெழுத்திட்டு ஒப்படைக்கும் தாய் படிக்கவேண்டிய பட்டியல் அதுதான்.